வாலிபர் முகாமில் எச்.ஐ.வி. பற்றிப் பேச வேண்டும், எங்கே தொடங்குவது?

பனங்காட்டுப்பிள்ளை

எங்கள் திருச்சபைச் சேகரத்தில் மே மாதம் வாலிபர் முகாம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் இருந்து கல்லூரிக் கடைசி வருடம் வரை வருவார்கள். இந்த முறை ஒரு முழுக் காலையை எச்.ஐ.வி.க்கு ஒதுக்கலாம் என்று எங்கள் போதகர் ஐயரே சொல்லிவிட்டார். பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

முன்பும் இப்படி ஒரு வகுப்பு நடந்ததுதான். வந்த பேச்சாளர் எலும்பும் தோலுமான நோயாளிகளின் படங்களைத் திரையில் ஓட்டினார். பாவத்தின் சம்பளம் மரணம் என்று தொண்டை கிழியப் பேசினார். கடைசியில் "கேள்வி இருக்கிறதா?" என்றதும் பையன்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துச் சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் பாயைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெபம் பண்ணி முடித்துவிட்டு எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டோம்.

கமிட்டியில் இரண்டு பெரியவர்கள் ஆணுறை என்ற பேச்சே சபை வளாகத்துக்குள் வரக்கூடாது என்கிறார்கள். ஐயர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார். மிஷன் மருத்துவமனை, மிஷன் பள்ளி, ஆப்பிரிக்க ஊழியம் என்று அனுபவப்பட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

குறிஞ்சிமலர்

ஒரு டாக்டரைக் கூப்பிடுங்கள் பிரதர். ஒரு மணி நேரம் பேசுவார், முடிந்தது. இதற்கு ஒரு இழையா?

நம்பிக்கைமையத்து அக்கா

டாக்டர் வந்தால் ஸ்லைடு போடுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள், அவ்வளவுதான். நான் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகர். பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. சபை முகாம்களுக்கும் போயிருக்கிறேன்.

தம்பி, முதல் நாள் சாயங்காலமே ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். எல்லாருக்கும் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். கேள்வி இல்லாதவரும் வெற்றுத் தாளை மடித்துப் போட்டே ஆகவேண்டும். இல்லாவிட்டால் யார் போட்டது என்று மற்றவர்கள் கண்காணிப்பார்கள். மறுநாள் வகுப்பை அந்தச் சீட்டுகளே நடத்தும். எனக்கு வந்த சீட்டுகளில் அடிக்கடி இருப்பவை: கொசு கடித்தால் வருமா, பச்சை குத்தினால் வருமா, முத்தம் கொடுத்தால் வருமா, முடிவெட்டும் கடை பிளேடால் வருமா. அப்புறம் சபை முகாமில் மட்டும் தவறாமல் வரும் ஒன்று: திருவிருந்தில் எல்லாரும் ஒரே கிண்ணத்தில் வாய் வைக்கிறோமே, அதில் வருமா?

வராது. எச்சிலில் இது பரவாது. இரத்தம், விந்து, பெண்ணுறுப்பில் சுரக்கும் திரவம், தாய்ப்பால், இவற்றின் வழியாகத்தான் முக்கியமாகப் பரவும். கிண்ணம், தட்டு, கழிப்பறை, கைகுலுக்கல், கட்டிப்பிடித்தல் எதிலும் பயமில்லை. பச்சை குத்தும் ஊசி வேறொருவருக்குப் போட்டதாக இருந்தால் ஆபத்து, புது ஊசி என்றால் இல்லை. கிண்ணக் கேள்விக்கு ஐயரே எழுந்து பதில் சொன்னால், நான் பத்து தடவை சொல்வதைவிட நன்றாக ஏறும்.

அடுத்தது மருந்து. இதைச் சொல்லாத வகுப்பு 1990-களிலேயே நின்றுபோன வகுப்பு. எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் கூட்டு மருந்து 2004-ல் இருந்து இலவசம். இப்போது பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்தும் ஒரே மாத்திரைக்குள், தினம் ஒன்று. விடாமல் சாப்பிட்டு வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே இருந்தால் உடலுறவு வழியாகவும் அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணிக்குச் சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். ஒழுங்கான சிகிச்சை இருந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே. எலும்புக்கூட்டுப் படம் பார்த்த பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாத பிள்ளை பரிசோதனைக்கும் வராது. செத்துப்போவது உறுதி என்றால் எதற்குத் தெரிந்துகொள்ள வேண்டும்?

இன்னொன்று. ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டது, அல்லது ஒரு பெண்ணுக்கு வன்கொடுமை நடந்துவிட்டது என்றால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால் 28 நாள் தடுப்பு மருந்து உண்டு. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. இந்த ஒரு தகவலையாவது சொல்லாமல் முகாமை முடித்துவிடாதீர்கள்.

கேள்விக்குறி

நான் விசுவாசி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிஷன் மூலமாக எச்.ஐ.வி. பாடம் என்றாலே எனக்கு ஒவ்வாமை. காரணம் இருக்கிறது. 2003-ல் அமெரிக்காவின் புஷ் அரசு கொண்டுவந்த பெப்ஃபார் என்ற எய்ட்ஸ் உதவித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு 1,500 கோடி டாலர். அதில் தடுப்புக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கை 'திருமணம் வரை விலகியிரு' என்ற போதனைக்கே செலவழிக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மிஷன் அமைப்புகள் பலவும் அந்தப் பணத்தில் வகுப்பெடுத்தன. 2008-ல்தான் அந்த நிபந்தனையைத் தளர்த்தினார்கள்.

விளைவு? ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் 22 நாடுகளில், பணம் வாங்கிய நாடுகளையும் வாங்காத நாடுகளையும் ஒப்பிட்டு 2016-ல் எழுதினார்கள். சுமார் 140 கோடி டாலர் விலகியிரு, உண்மையாயிரு பிரசாரத்துக்குப் போயிருந்தது. இளைஞர்களின் முதல் உறவு வயதிலோ, துணைகளின் எண்ணிக்கையிலோ, பதின்ம வயதுக் கர்ப்பத்திலோ குறிப்பிடும்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. அதே திட்டத்தின் மருந்துப் பணம் லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறுக்கவில்லை. போதனைக்குப் போன பணம்தான் வீண்.

மூப்பர் தாத்தா

தம்பி கேள்விக்குறி, கோபமில்லாமல் எழுதியதற்கு நன்றி. நானும் கோபமில்லாமல் எழுதுகிறேன்.

பிள்ளைகளிடம் 'பொறுத்திரு' என்று சொல்வது வேதம் சொல்கிறது என்பதற்காக மட்டுமல்ல. பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேறு என்ன சொல்வீர்கள்? அந்த வயதில் தள்ளிப்போடுவதே நல்லது என்று டாக்டரும் சொல்வார். உகாண்டாவில் நோய் இறங்கியதற்கு முக்கியக் காரணம் மக்கள் துணைகளின் எண்ணிக்கையைக் குறைத்ததுதான் என்று ஆராய்ச்சிக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். சபை சொன்னதும் அதைத்தானே? ஆணுறையைக் கையில் கொடுத்துவிட்டு 'உன் இஷ்டம்' என்று அனுப்புவதற்கு சபை எதற்கு, மருந்துக்கடை போதுமே.

கம்பாலா வாத்தியார்

உகாண்டா பெயர் வந்துவிட்டது, இனி நான் சும்மா இருக்க முடியாது. கம்பாலாவுக்கு வெளியே ஒரு மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார் நான். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூப்பர் ஐயா சொல்வதில் உண்மை இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இங்கே வயது வந்தோரில் சுமார் 15 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பத்து வருடத்தில் அது 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தது. துணைகள் குறைந்தது பெரிய காரணம். கூடவே, நோயாளிகள் ஏராளமாக இறந்துபோனதாலும் சதவீதம் குறைந்தது என்று ராக்காய் மாவட்டத்தில் ஆய்வு செய்தவர்கள் 2005-ல் காட்டினார்கள். அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ஆனால் ஜனங்கள் ஏன் மாறினார்கள் என்று இங்கே வயதானவர்களிடம் கேட்டால், பிரசங்கத்தைச் சொல்வதில்லை. ஃபில்லி லுட்டாயாவைச் சொல்கிறார்கள். நாடே கொண்டாடிய பாடகர். 1989-ல் எழுந்து நின்று எனக்கு எய்ட்ஸ் இருக்கிறது என்றார். பள்ளி பள்ளியாக, ஆலயம் ஆலயமாகப் போய்ப் பேசினார். அந்த வருடம் டிசம்பரில் இறந்தார். அதுவரை அடுத்த வீட்டுக்காரன் வியாதியாக இருந்தது, அன்றைக்குத்தான் அவரவர் வீட்டு வியாதியானது.

சபைக்குள் அந்த வேலையைச் செய்தவர் கிடியோன் பியாமுகிஷா. ஆங்கிலிக்கன் குரு. மனைவி 1991-ல் இறந்தார். காரணம் பின்னால்தான் தெரிந்தது. 1992-ல் தனக்கும் இருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்காவில் அப்படிச் சொன்ன முதல் மதகுரு அவர்தான். அவரைத் துரத்திவிடாமல், அவரை வைத்தே எச்.ஐ.வி. ஊழியம் நடத்தியது இங்குள்ள திருச்சபை. பிறகு எச்.ஐ.வி. உள்ள ஒரு பெண்ணை மணந்தார், எச்.ஐ.வி. இல்லாத குழந்தைகள் பிறந்தார்கள். அவரும் தோழர்களும் 2003-ல் எச்.ஐ.வி.யோடு வாழும் ஆப்பிரிக்க மதத் தலைவர்களுக்கென்று ஒரு கூட்டமைப்பே தொடங்கினார்கள்.

ஊரெல்லாம் 'விலகியிரு, உண்மையாயிரு, ஆணுறை அணி' என்ற மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது, அந்தக் கூட்டமைப்பு வேறு வரிசை ஒன்றை வைத்தது: பாதுகாப்பான பழக்கங்கள், மருந்து கிடைப்பது, விரும்பிச் செய்துகொள்ளும் பரிசோதனை, தன் காலில் நிற்கும் வலு. முதல் வரிசையில் ஒரு கோளாறு உண்டு என்றார்கள். மூன்றில் எதைத் தவறவிட்டாலும் 'நீ தோற்றவன்' என்று ஆகிவிடுகிறது. ஏற்கெனவே நோய் உள்ளவனுக்கு அதில் இடமே இல்லை.

என் பள்ளியில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். விடுதியில் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள், பிறக்கும்போதே வந்தது. டப்பாவின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆட்டும்போது கலகல என்று சத்தம் வரக்கூடாது என்று உள்ளே பஞ்சு அடைத்து, காலுறைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். பரிசுத்தம் பற்றி எழுச்சிக்கூட்டம் நடந்த வாரத்தில் மாத்திரையைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு என்று மேட்ரன் என்னிடம் சொன்னார். எல்லார் கண்ணும் தன் மேல் இருப்பதாகத் தோன்றினால் எந்தப் பிள்ளை டப்பாவைத் திறக்கும்?

1993-ல் இருந்து ஸ்ட்ரெயிட் டாக் என்று இளைஞர்களுக்கான பத்திரிகை ஒன்று இங்கே வந்தது. பிள்ளைகள் எழுதும் கேள்விக் கடிதங்களும் பதில்களும்தான் அதன் உயிர். அக்கா சொன்ன கேள்விப் பெட்டியும் அதே வழிதான். கேள்வி அவர்கள் பக்கமிருந்து வரவேண்டும்.

கேள்விக்குறி

வாத்தியாரே, இதை ஏற்றுக்கொள்கிறேன். நான் சாடியது வாஷிங்டனில் எழுதிய பாடத்தை. நீங்கள் சொல்வது உள்ளூர் ஆட்கள் பேசியதை. இரண்டையும் மிஷன் என்ற ஒரே பைக்குள் போட்டது சரியில்லைதான்.

ஜூன்மழை

இந்த இழையை ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிறப்பிலேயே எச்.ஐ.வி. உண்டு. இப்போது வேலைக்குப் போகிறேன், வைரல் லோடு கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது.

சின்ன வயதில் ஒரு கிறிஸ்தவ விடுதியில் வளர்ந்தேன். பெயர் வேண்டாம். என் தட்டின் அடியில் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு புள்ளி இருக்கும். யாரும் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. புள்ளி மட்டும் இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது எதற்கென்று தெரியாது, நான் அதிர்ஷ்டக்காரன் என்று நினைத்து என் தட்டைப் பிடுங்கிச் சாப்பிட்டவனும் உண்டு. வார்டன் ஓடிவந்து பறிப்பார்.

பிறகு ஒரு முகாமில், முதல் பதிவில் சொன்ன மாதிரியே படம் ஓட்டும் பேச்சாளர். அவர் பாவத்தின் சம்பளம் என்று சொன்னபோது நான் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். யாருடைய பாவம்? என் அம்மா, அப்பாவைத் தவிர இன்னொரு ஆணை ஏறிட்டுப் பார்க்காதவர். கல்யாணம்வரை பொறுத்திருந்தார், கல்யாணத்துக்குப் பின் உண்மையாகவும் இருந்தார். மூப்பர் ஐயா, உங்கள் பாடத்தில் அம்மா நூற்றுக்கு நூறு வாங்கியவர். அப்பாவிடமிருந்துதான் வந்தது.

யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் பாவமா பெற்றவர்கள் பாவமா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் இயேசு. அந்தப் பகுதியை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். எச்.ஐ.வி. வகுப்பில் மட்டும் யாரும் அதை எடுத்ததில்லை.

பனங்காட்டு அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்தான். அந்தக் கூடத்தில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.

நம்பிக்கைமையத்து அக்கா

ஜூன்மழை, எழுதியதற்கு நன்றிப்பா.

இதைப் படித்துவிட்டு 'ஒரு பாசிட்டிவ் ஆளை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கலாமே' என்று யாராவது கிளம்புவார்கள், அதனால் முந்திக்கொள்கிறேன். அவராக முன்வந்தால் மட்டும். சொந்தச் சபையில், சொந்த ஊரில் வேண்டவே வேண்டாம். எச்.ஐ.வி. சட்டம் 2017-ல் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவருக்கு நோய் இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதும், சம்மதம் இல்லாமல் பரிசோதிப்பதும், பள்ளியிலும் வேலையிலும் ஒதுக்குவதும் சட்டப்படி தவறு. ஆலயத்தில் கல்யாண ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன் எச்.ஐ.வி. சர்ட்டிபிகேட் கொண்டுவா என்று கட்டாயப்படுத்தும் சபைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து வந்து, விரும்பிச் செய்துகொண்டால் நல்லதுதான். கட்டாயப்படுத்தினால் பொய்ச் சான்றிதழ்தான் வரும்.

ரூத்தின் மகள்

இவ்வளவு நேரம் பேசியதில் பெண்பிள்ளைகள் பாயைப் பிய்த்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்களுக்குக் கூச்சம் என்று முடித்துவிடாதீர்கள். முகாமில் பாதிப்பேர் அவர்கள். 'வேண்டாம் என்று சொல்' என்று பாடம் எடுக்கிறோம். சொன்னாலும் கேட்காதவன் எதிரில் நின்றால் என்ன செய்வது என்று சொல்லித் தருகிறோமா?

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மரிட்ஸ்பர்க் நகரில் உஜாமா மையம் என்று ஒன்று உண்டு. அங்கே 2 சாமுவேல் 13-ஐ, அதாவது தாமாரின் கதையை, பெண்களோடு உட்கார்ந்து வாசிக்கும் முறையை வளர்த்தார்கள். அண்ணன் அம்னோன் நோயாளிபோல் படுத்துக்கொண்டு தங்கையை அழைக்கிறான். அவள் மறுக்கிறாள், காரணம் காட்டி வாதாடுகிறாள், அவன் பலவந்தம் பண்ணுகிறான், பிறகு அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். இன்னொரு சகோதரன் 'சும்மாயிரு' என்கிறான். தகப்பனாகிய ராஜா கோபப்படுகிறார், ஒன்றும் செய்வதில்லை. வாசித்துவிட்டுக் கேட்பார்கள்: இதில் யார் யார் பேசுகிறார்கள்? தாமார் என்ன சொல்கிறாள்? இப்படிப்பட்ட பெண்கள் நம் சபையில் உண்டா? அவர்களுக்கு நம் சபையில் எங்கே போக வழி இருக்கிறது? போதகர் பிரசங்கம் பண்ணமாட்டார், குழுவாகப் பேச வைப்பார்கள். பிறகு இதுவே தாமார் இயக்கம் என்று ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் போனது.

நான் எங்கள் பெண்கள் கூட்டத்தில் செய்து பார்த்தேன். ஓய்வுநாள் பள்ளியில் இருந்தே ஆலயத்துக்கு வருகிறவர்கள், இந்தக் கதை வேதத்தில் இருப்பதே தெரியாது என்றார்கள். ஒரு பெண் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: அப்பா ஏன் ஒன்றும் செய்யவில்லை? இதைச் செய்வதாக இருந்தால் பெண்களுக்குத் தனி அறை, பெண் ஆலோசகர், அன்று சாயங்காலம் தனியாகப் பேச ஒரு ஆள், மூன்றும் வேண்டும். யாராவது ஒரு பெண் வாய் திறப்பாள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு ஐயரும் தயாராக இருக்கவேண்டும்.

சிஸ்டர் நர்ஸ்

கத்தோலிக்க சபைக் கன்னியாஸ்திரி, மிஷன் மருத்துவமனைச் செவிலியர். எங்கள் பக்கம் ஆணுறை விஷயம் இன்னும் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் ஆயர் கெவின் டவுலிங் 2001-லேயே உயிரைக் காக்க ஆணுறை வேண்டும் என்று சொல்லிக் கண்டனம் வாங்கிக்கட்டிக்கொண்டார். அவர் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில் மரணங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். 2010-ல் திருத்தந்தை பெனடிக்டே, சில சூழலில் அது பொறுப்புணர்வின் முதல் அடியாக இருக்கலாம் என்றார்.

நாங்கள் நடைமுறையில் செய்வது இது: போதனையை நாங்கள் சொல்வோம். ஆணுறைக் கேள்விக்கு அரசு ஆலோசகர் பதில் சொல்வார். அப்போது நாங்கள் எழுந்து வெளியே போகமாட்டோம், உட்கார்ந்து கேட்போம். சிஸ்டர் உட்கார்ந்திருந்தால் கேட்பது தப்பில்லை என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று, மிஷன் மேல் ஒவ்வாமை உள்ள தம்பிக்கு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி நிர்மலா சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை எங்கே கொண்டுபோய்ச் சோதித்தார்கள்? வேலூர் சி.எம்.சி.யில். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரிந்தது ஒரு மிஷன் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில்தான். தொழுநோய்க்காரரைத் தொட்டுக் கட்டுப்போட்ட அதே ஊர் அது. கரிகிரி தொழுநோய் மருத்துவமனை பக்கத்தில்தானே.

பனங்காட்டுப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. ஐயரிடம் அச்செடுத்தே கொடுத்துவிட்டேன். இப்போது முடிவானது: முதல் நாள் இரவு கேள்விப் பெட்டி. மறுநாள் காலை ஐயர் யோவான் 9, சுருக்கமாக, திருவிருந்துக் கிண்ணக் கேள்விக்கும் அவரே பதில். பிறகு நம்பிக்கை மைய ஆலோசகர், ஆண் ஒருவர் பெண் ஒருவர், தனித்தனி அறையில். தாமார் வாசிப்பை இந்த முறை பெண்களுக்கு மட்டும் வைக்கிறோம். பையன்களுக்கும் அது வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, கமிட்டி பயப்படுகிறது. படம் ஓட்டுவது கிடையாது.

பெற்றோருக்கு முன்கூட்டியே கடிதம் போகிறது. ஆணுறை பற்றி ஆலோசகர் பேசுவார் என்று அதில் தெளிவாகவே எழுதச் சொன்னார் ஐயர். ஒளித்துச் செய்தால் பிறகு வம்பு.

மூப்பர் தாத்தா

ஜூன்மழை தம்பிக்கு: உன் அம்மாவைப் பற்றி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கருத்து முழுவதும் மாறிவிடவில்லை, பொறுத்திரு என்று இன்னும் சொல்வேன். ஆனால் அதை எச்.ஐ.வி. வகுப்பில் சொல்லமாட்டேன், திருமண ஆயத்த வகுப்பில் சொல்கிறேன். எங்கள் சபையிலும் இப்படி ஒன்று வைக்கலாம் என்றிருக்கிறேன். ஆலோசகர் பேசும்போது நானும் உட்காருவேன், ஆனால் கடைசி வரிசையில். முன்னால் உட்காரச் சொல்லாதீர்கள்.

நம்பிக்கைமையத்து அக்கா

தாத்தா, கடைசி வரிசைதான் நல்லது, முன்னால் உட்கார்ந்தால் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள்.

பனங்காட்டுத் தம்பி, ஆலோசகர் வேண்டும் என்று உங்கள் அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவருக்கு ஐயர் பெயரில் சபை லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுங்கள், கூடவே மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலகுக்கு ஒரு நகல். கட்டணம் கிடையாது. மே மாதத்துக்கு இப்போதே கேட்டு வையுங்கள். இலவச உதவி எண் 1097, பெயர் சொல்லாமலே பேசலாம். போர்டில் எழுதிப்போட்டுவிட்டு முகாம் முடியும்வரை அழிக்காமல் விடுங்கள். கேள்விச் சீட்டுக்கு எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா கொடுங்கள். போன தடவை ஒரு முகாமில் பச்சை மையில் எழுதிய பிள்ளையை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள்.